ராஜாவுக்குக் கழுதைக் காது: கதை சொல்லப் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கதை சொல்லப் பழக வருகிறவர்கள் முதல் நாளே கேட்கிற கேள்விகளும், ஆறேழு மாதம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்விகளும் இங்கே கலந்து கிடக்கின்றன. புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதைப் பற்றியல்ல. கையில் தாள் இல்லாமல், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதைப் பற்றி.

உதாரணம் வேண்டிய இடத்தில் எல்லாம் ஒரே கதையைத்தான் எடுத்துக்கொள்கிறேன். பலருக்கும் தெரிந்த கதை. ஒரு ராஜாவுக்குக் கழுதைக் காது. தலைப்பாகைக்குள் மறைத்து வைத்திருக்கிறார். முடி வெட்டும் நாவிதருக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது. வெளியே சொன்னால் தலை போகும், சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும் போலிருக்கிறது. காட்டுக்குப் போய் ஒரு மரத்திடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் திரும்புகிறார். அந்த மரத்தை வெட்டி மத்தளம் செய்கிறார்கள். சபையில் தட்டியதும் மத்தளம் பேசுகிறது: "ராஜா காது கழுதைக் காது!"

எனக்கு நாலு பேர் முன்னால் பேசவே வராது. கதை சொல்ல வருமா?

பஸ்ஸில் யாரோ இரண்டு பேர் சண்டை போட்டதைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் சொல்லியிருப்பீர்கள் அல்லவா? பஸ் எந்த நிறம், எத்தனை மணிக்குக் கிளம்பியது என்றெல்லாம் தொடங்கியிருக்க மாட்டீர்கள். நேராகச் சண்டைக்குப் போயிருப்பீர்கள். ஒருவர் பேசியதை அவர் மாதிரியே பேசிக் காட்டியிருப்பீர்கள். அலுப்பான பகுதியைத் தாண்டிக் குதித்திருப்பீர்கள். அவ்வளவும் கதை சொல்லும் கலைதான். அதை வேண்டுமென்றே, நினைத்த நேரத்தில் செய்யப் பழகுவதுதான் மிச்சம்.

என் அனுபவத்தில் மேடைப் பேச்சில் தேர்ந்தவர்களுக்குத்தான் ஆரம்பத்தில் சிரமம் அதிகம். அவர்கள் காது தங்கள் வாக்கியத்தின் அழகிலேயே இருக்கும். கூச்ச சுபாவக்காரர்கள் பல வருஷம் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களைக் கவனித்தவர்கள். அவர்களிடம் சரக்கு நிறைய இருக்கும்.

கதையை வரி வரியாக மனப்பாடம் செய்யலாமா?

வேண்டாம். பட்டுத் தெரிந்துகொண்டது இது. பழகத் தொடங்கிய காலத்தில் ஒரு கதையை எழுதி, திருத்தி, கண்ணாடி முன்னால் நின்று ஒப்பித்து, ஒரு கூட்டத்துக்குப் போனேன். ஐந்து நிமிஷம் அருவி மாதிரி ஓடியது. நடுவில் ஒரு குழந்தை தும்மியது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அடுத்த வரி போய்விட்டது. கதை முழுக்க எனக்குத் தெரியும். யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் எல்லாம் தெரியும். அந்த ஒரு வாக்கியம் மட்டும் வரவில்லை, அது வராமல் அதற்கடுத்ததும் வரவில்லை. முதலில் இருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாக்கியங்களைக் கோத்து வைத்தால் இதுதான் நடக்கும். ஒரு மணி கழன்றால் மாலையே அறுந்துவிடும்.

பெரிய பெரிய காவியங்களை எழுத்தறிவில்லாத பாடகர்கள் எப்படிப் பாடுகிறார்கள் என்று பார்க்க, மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் 1933 முதல் 1935 வரை அப்போதைய யூகோஸ்லாவியாவில் பதிவுகள் எடுத்தார். உடன் போன ஆல்பர்ட் லார்ட் பிற்பாடு அந்த வேலையைத் தொடர்ந்தார். "போன தடவை பாடியதை ஒரு சொல் மாறாமல் பாடுவேன்" என்று பாடகர்கள் சத்தியம் செய்தார்கள். பதிவுகளை ஒப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் வேறுவேறாக இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் கதை ஒன்றுதான், சொற்கள் அன்றன்றைக்கு வருகிறவை.

சொற்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்றால் எதைத்தான் நினைவில் வைப்பது?

எலும்பையும் படத்தையும்.

எலும்பு என்பது, எடுத்துவிட்டால் கதை விழுந்துவிடும் என்கிற நிகழ்ச்சிகள். நம் கதைக்கு ஏழு: காது இருக்கிறது, நாவிதர் பார்க்கிறார், ராஜா மிரட்டுகிறார், நாவிதருக்குத் தாங்கவில்லை, மரத்திடம் சொல்கிறார், மரம் மத்தளமாகிறது, மத்தளம் பேசுகிறது. விரல் விட்டு எண்ணிப் பழகுங்கள். பெரும்பாலான நாட்டுப்புறக் கதைகள் பத்து விரலுக்குள் அடங்கும். அடங்காவிட்டால் அதில் இரண்டு கதை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது படம். கண்ணை மூடி ஒவ்வொரு எலும்பின் மேலும் போய் நின்று சுற்றிப் பார்க்க வேண்டும். "நாவிதர் ராஜாவின் காதைப் பார்த்து அதிர்ச்சி அடைந்தார்" என்றால் அது செய்தி. அந்த அறைக்குள் நின்று பார்த்தால் வேறு மாதிரி வரும்:

"தலைப்பாகை ஒவ்வொரு சுற்றா அவிழுது. கடைசிச் சுற்று. உள்ளேர்ந்து ஏதோ ஒண்ணு மெல்ல நிமிர்ந்துச்சு. சாம்பல் நிறம். நுனியில கொஞ்சம் மயிர். கத்தரிக்கோல் தொறந்தது தொறந்தபடி நின்னுச்சு. கண்ணாடியில ராஜா இவரையே பாத்துக்கிட்டிருக்கார். 'ம், வெட்டு'ன்னார்."

இதில் ஒரு வரியைக்கூட நான் மனப்பாடம் செய்யவில்லை. காது நிமிர்வது, கத்தரிக்கோல் நிற்பது, கண்ணாடி: மூன்று படம்தான் என்னிடம் உண்டு. அடுத்த முறை சொற்கள் மாறும், கண்ணாடி மாறாது.

வேறொருவர் சொல்லிக் கேட்டபோது பிரமாதமாக இருந்த கதை, நான் சொன்னால் சப்பென்று ஆகிவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும், விசித்திரமான விவரங்களை உங்களை அறியாமலே மழுக்கியிருப்பீர்கள். கேம்பிரிட்ஜில் பிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, நினைவிலிருந்து திருப்பி எழுதச் சொன்னார். 1932இல் அதைப் புத்தகமாக எழுதினார். கதை சுருங்கியது, புரியாதது உதிர்ந்தது, பழக்கமில்லாதது பழக்கமானதாக மாறியது. கதையில் இருந்த சிறு தோணி வெறும் படகாகிவிட்டது. கடல்நாய் வேட்டைக்குப் போனவர்கள் மீன் பிடிக்கப் போய்விட்டார்கள்.

மனசு தானாகவே இந்த வேலையைச் செய்யும். ஆகவே ஒரு கதையைக் கேட்ட அன்றைக்கே, அதில் உங்களுக்கு விளங்காத, விநோதமான இரண்டு விவரத்தைக் குறித்து வையுங்கள். மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

"உன் குரலைக் கண்டுபிடி" என்கிறார்கள். அது என்ன? தொண்டையில் இருப்பதா?

தொண்டைக்கும் அதற்கும் சம்பந்தம் கொஞ்சம்தான். கதையின் எலும்பு எல்லோருக்கும் பொது. எங்கே நிற்கிறீர்கள், எதைத் தாண்டிப் போகிறீர்கள், யார் தோளுக்குப் பின்னால் இருந்து பார்க்கிறீர்கள் என்பது உங்களுடையது. அதைத்தான் குரல் என்கிறேன்.

இந்தக் கழுதைக் காது கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கத்தில் அது மைடாஸ் ராஜா. நாவிதர் குழி தோண்டி அதற்குள் முணுமுணுக்கிறார், அங்கே முளைத்த நாணல் காற்றில் பேசுகிறது. அயர்லாந்தில் அது குதிரைக் காது. மரம் யாழாகிப் பாடுகிறது. கொரியாவில் நாவிதரே கிடையாது, ராஜாவுக்குத் தலையணி செய்பவர் மூங்கில் தோப்பில் போய்க் கத்துகிறார். எலும்பு அதேதான்.

பாரியும் லார்டும் சந்தித்தவர்களில் அவ்தோ மெஜெதோவிச் என்றொரு பாடகர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் அதுவரை கேட்டிராத பாட்டு ஒன்றை இன்னொரு பாடகரை விட்டு அவர் முன்னால் பாட வைத்தார்கள். சுமார் 2,300 வரி. முடிந்ததும், "இப்போது நீங்கள் பாடுங்கள்" என்றார்கள். அவ்தோ பாடினார். 6,000 வரிக்கு மேல் போனது. கதையில் ஒரு நிகழ்ச்சியைக் கூட அவர் மாற்றவில்லை என்றே சொல்லலாம். குதிரையை அலங்கரிக்கும் இடத்தில் நின்றார், ஆட்களின் மனசுக்குள் போனார், அவர்கள் துக்கத்தைப் பேசினார். கூடிய வரிகள் அத்தனையும் அவருடைய குரல்.

என் கதைக்கு வருகிறேன். கழுதைக் காதை நான் பல வருஷம் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னேன். வயிறு உப்பும் இடத்தில் நடித்துக் காட்டினால் நிச்சயம் சிரிப்பு வரும். ஒருநாள் சொல்லிக்கொண்டிருக்கையில், முன்யோசனை எதுவும் இல்லாமல், நாவிதர் வீட்டுக்குத் திரும்பும் காட்சி வந்துவிட்டது. மனைவி கேட்கிறாள், "அரண்மனையில இன்னைக்கு என்ன விசேஷம்?" நாவிதர், "ஒண்ணுமில்ல" என்கிறார். கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த "ஒண்ணுமில்ல" எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், இங்கே சொல்லப் போவதில்லை. அதற்குப் பிறகு அந்தக் காட்சி இல்லாமல் நான் அந்தக் கதையைச் சொன்னதில்லை.

ஆக, குரலைத் தேடிக்கொண்டு எங்கேயும் போக வேண்டாம். ஒரே கதையை இருபது தடவை, வேறு வேறு ஆட்களிடம் சொல்லுங்கள். எந்த இடத்தில் உங்களை அறியாமல் மெதுவாகிறீர்கள் என்று கவனியுங்கள்.

நான் சொல்வது எனக்குப் பிடித்த கதைசொல்லி மாதிரியே இருக்கிறது. தப்பா?

முதல் வருஷத்தில் தப்பில்லை. இரண்டாம் வருஷமும் அப்படியே இருந்தால், ஒரே ஆளை அதிகம் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். அதே கதையை நேர்மாறாகச் சொல்லும் இன்னொருவரைத் தேடிப் பிடியுங்கள். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் காப்பியடிக்க முடியாது.

பதிவு செய்து கேட்டால் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

யாருக்குத்தான் பிடிக்கிறது? நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. எலும்பு தாழ்ந்த அதிர்வுகளை நன்றாகக் கடத்தும். அதனால் உள்ளே கனமாகவும் நிறைவாகவும் கேட்கும். பதிவில் காற்று வழி வந்தது மட்டும்தான் இருக்கும், மெலிந்து தெரியும். மற்றவர்கள் இத்தனை நாளும் கேட்டது அந்த மெலிந்த குரலைத்தான், அவர்கள் பேச்சை நிறுத்தச் சொல்லவில்லையே. நாலைந்து முறை கேட்டால் பழகிவிடும்.

பதிவில் குரலின் அழகைப் பார்க்காதீர்கள். எங்கே அவசரப்பட்டீர்கள், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டீர்கள் என்று பாருங்கள். எனக்கு "அப்படியே". ஒரு கதையில் முப்பத்தோரு "அப்படியே" எண்ணினேன்.

எழுத்துத் தமிழிலா, பேச்சுத் தமிழிலா?

பேச்சுத் தமிழில். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "கூறினான், வினவினான்" என்று தொடங்கினால் கேட்பவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார், பள்ளிக்கூடத்தில் உட்காருவது போல. நமக்கு வேண்டியது அவர் சாய்ந்து உட்காருவது. உங்கள் வீட்டில் என்ன தமிழோ அதிலேயே சொல்லுங்கள். வெளியூர்க்காரருக்குப் புரியாத சொல்லை இடம் பார்த்து விளங்க வைத்தால் போதும். இன்னொரு வட்டாரத்தின் பேச்சை வேஷமாகப் போடாதீர்கள், அந்த வட்டாரத்துக்காரர் ஒருவர் கூட்டத்தில் கட்டாயம் இருப்பார்.

பேச்சுத் தமிழ் கதைக்கென்றே சில வசதிகளை வைத்திருக்கிறது. ஒன்று, அந்த "ஆம்". "ஒரு ராஜாவாம். அவருக்குக் கழுதைக் காதாம்." நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டேன், பொறுப்பு என்னுடையதல்ல என்று ஒரே அசையில் சொல்லிவிடுகிறது. கதையைத் தள்ளி நிறுத்துவதற்கு அதைவிடச் சிக்கனமான கருவி கிடையாது. ஆனால் காட்சி கிட்டே வந்ததும் அதை விட்டுவிட வேண்டும். "காது நிமிர்ந்துச்சாம்" என்றால் வீணாகப் போயிற்று. "நிமிர்ந்துச்சு." இப்போது நீங்களும் அந்த அறையில் நிற்கிறீர்கள். "ஆம்" எங்கே நிற்க வேண்டும் என்று தேடிப் பாருங்கள், கதையின் நடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, வாலைப் பிடித்துத் தலையைத் தொடுவது. "காட்டுக்குப் போனான். போயி, ஒரு பெரிய மரத்தைப் பாத்தான். பாத்து, சுத்தும் முத்தும் திரும்பினான். திரும்பி..." எழுத்தில் இது குற்றம், ஆசிரியர் சிவப்பு மையில் அடிப்பார். சொல்லும்போது இது மூச்சு. சொல்பவருக்கு அடுத்த படத்தைத் தேட அரை நொடி கிடைக்கிறது, கேட்பவருக்குப் பழைய படத்தை முடித்துக்கொள்ள அரை நொடி. காதால் கேட்பவர் பக்கத்தைப் பின்னால் புரட்டிப் பார்க்க முடியாது.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரலை மாற்ற வேண்டுமா?

மாற்ற முடிந்தால் கொஞ்சமாக மாற்றுங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். ராஜாவுக்குக் கட்டைக்குரல், மனைவிக்குக் கீச்சுக்குரல் என்று போனால் இரண்டு நிமிஷத்தில் தொண்டையும் கட்டும், கதையும் கேலிக்கூத்தாகும்.

ஜப்பானில் ரகுகோ என்றொரு கலை. ஒரே ஆள், மெத்தை மேல் உட்கார்ந்தபடி, கையில் ஒரு விசிறியும் ஒரு துணியும் மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கதையையும் சொல்லிவிடுவார். யார் பேசுகிறார் என்பது தலை திரும்புவதில் தெரிந்துவிடும். ஒருவர் பேசும்போது இந்தப் பக்கம், மற்றவர் பேசும்போது அந்தப் பக்கம். ராஜா பேசினால் கொஞ்சம் கீழே பாருங்கள், நாவிதர் பேசினால் கொஞ்சம் மேலே. வேகத்தையும் மாற்றிப் பாருங்கள். அதிகாரம் உள்ளவர்கள் அவசரப்படுவதில்லை.

கையை என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். தேவை வந்தால் அதுவே எழும்.

கேட்பவர்களுக்குப் பிடிக்கிறதா என்று சொல்லும்போதே எப்படித் தெரியும்?

குழந்தைகள் என்றால் "உம்" கொட்டுவதில் தெரியும். "உம்" நின்றால் ஒன்று தூங்கிவிட்டது, இல்லை கதைக்குள் முழுசாகப் போய்விட்டது. பெரியவர்கள் உம் கொட்டுவதை விட்டுவிட்டார்கள், ஆனால் உடம்பு கொட்டும். சாய்வது, தலையை லேசாக ஆட்டுவது, இருமல் நிற்பது. அதற்காகத்தான் வாசிக்காதீர்கள் என்கிறேன். தாளில் கண் இருந்தால் இதையெல்லாம் யார் பார்ப்பது?

ஒருவர் தூங்கி வழிந்தால் அவரையே முறைக்காதீர்கள். அவர் நேற்று இரவு வேலைக்குப் போனவராக இருக்கலாம்.

நடுவில் மறந்துவிட்டால்?

நின்றுகொள்ளுங்கள். மூன்று நொடி மௌனம் உங்களுக்கு மூன்று நிமிஷம் போலிருக்கும், கேட்பவருக்கு எதிர்பார்ப்பு போலிருக்கும். பிறகு கடைசியாக நின்ற படத்தையே இன்னும் கொஞ்சம் விவரியுங்கள்: மரம் எப்படி இருந்தது, இலை அசைந்ததா. பேசப் பேச அடுத்த எலும்பு கைக்கு வந்துவிடும். முக்கியமான ஒன்றை முன்னாலேயே சொல்ல மறந்திருந்தால் மன்னிப்புக் கேட்காதீர்கள். "இந்த நாவிதருக்கு ஒரு பழக்கம் உண்டு, இதுவரைக்கும் நான் உங்களுக்குச் சொல்லலை" என்று ரகசியம் போலச் சொல்லிவிடுங்கள். இதை நான் வேண்டுமென்றே செய்ததாகப் பாராட்டியவர்கள் உண்டு. மறுக்கவில்லை.

என் சொந்த வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லலாமா?

சொல்லலாம், இரண்டு விஷயம் பார்த்துக்கொண்டு. முதலாவது, உங்கள் கதையில் வருகிற மற்றவர்கள். நாவிதரின் நிலைமை உங்களுக்கும் வரும்: சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஆனால் காது வேறொருவருடையது. உயிரோடு இருப்பவர் என்றால் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். பெயரை மாற்றினால் போதும் என்று உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஆறாத புண். சொல்லும்போது நீங்கள் உடைந்து போனால் கேட்பவர்கள் கதையை விட்டுவிட்டு உங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாகிவிடும். முதலில் நெருங்கிய ஒருவரிடம் பலமுறை சொல்லுங்கள். அழுகை வரும் இடத்தைத் தாண்டிப் போக முடிகிற நாளில் கூட்டத்துக்குக் கொண்டுவரலாம்.

கண், மூக்கு, காது வைத்துச் சொல்லலாமா என்றும் கேட்பீர்கள். நாட்டுப்புறக் கதையில் தாராளமாக. "எனக்கு நடந்தது" என்று தொடங்கிய கதையில் நிகழ்ச்சியை மாற்றாதீர்கள்.

தொண்டை கட்டிக்கொள்கிறது.

கத்துகிறீர்கள், அல்லது மூச்சு தீர்ந்த பிறகும் பேசுகிறீர்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தொண்டையைப் பிழிந்து சொல்லும் பழக்கம் பலருக்கு உண்டு. மூச்சு வயிறு அசைய உள்ளே போகட்டும், வாக்கியத்தைக் குறுக்குங்கள். தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிஷம் வாயை மூடி மெதுவாக "ம்ம்ம்" என்று முனகினால் உதடு அதிர வேண்டும். கூடவே தண்ணீர். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுப்பதால் ஓய்வு கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம், பலருக்கு அது இன்னும் சிரமத்தைத்தான் கொடுக்கும். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் போனால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

பழக ஆள் கிடைக்கவில்லை. தனியாகப் பழகலாமா?

எலும்பு எண்ணுவதையும் படம் பார்ப்பதையும் நடந்துகொண்டே தனியாகச் செய்யலாம். சொல்வதற்கு ஒரு காதாவது வேண்டும். ஒரே ஒருவர் போதும். போனில் சொல்லுங்கள், முகம் தெரியாவிட்டாலும் மூச்சு கேட்கும். மரத்திடம் சொல்வது கடைசி வழி.

கடைசியில் நீதி சொல்ல வேண்டாமா? குழந்தைகளுக்காவது?

மத்தளம் பேசியதும் நிறுத்திவிடுங்கள். ஒருமுறை அப்படி நிறுத்தியபோது, "அப்புறம் நாவிதர் தலையை வெட்டிட்டாங்களா?" என்று ஒரு பெண்குழந்தை கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த பையன், "அதெப்படி? பேசினது மத்தளம்தானே" என்றான். "மத்தளத்துக்கிட்ட யார் சொன்னா?" என்றாள் இவள். "மரம்." "மரத்துக்கிட்ட?" பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். நான் எழுந்து வந்துவிட்டேன். வாசலைத் தாண்டும்போதும் இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.